நடுக்கம் தீர்ந்த விவரம்

தென்காசி,
விய வருஷம், ஆவணி மாதம்.

வீரகேரளம்புதூர் ஓய்வுபெற்ற ஜமேதார், முந்தின உலகச் சண்டையில் பாஸ்ராவில் மெடல் வாங்கியவர், என் மனைவி சொக்கம்மாளின் மூத்த அண்ணன், மகாராஜஸ்ரீ சங்கிலிப்பாண்டி மைத்துனர் அவர்கள் சமூகத்துக்கு, பர்மாச் சண்டையிலிருந்து திரும்பிய முன்னாள் நாயக் இசக்கிப்பாண்டி கைகூப்பி எழுதிக்கொண்டது.

இவ்விடத்தில் நானும் மாடும் சுகம். மாடு பாலைக் குறைத்துவிட்டது, நான் ஒரு வேளைச் சமையலைக் குறைத்துவிட்டேன், மற்றபடி குறைவொன்றும் இல்லை. அவ்விடத்தில் உங்கள் சுகத்துக்கும், வீட்டிலுள்ளவர்கள் சுகத்துக்கும், தை மாதத்திலிருந்து உங்கள் வீட்டில் இருக்கிற என் பெண்டாட்டியின் சுகத்துக்கும் ஒரு வரி எழுத வேண்டியது.

நிற்க. என் நடுக்கம் தீர்ந்துவிட்டது. ஆகவே சொக்கம்மாளை அனுப்பி வைக்கவும். விஷயம் இவ்வளவுதான், இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் உங்கள் சித்தப்பா மகன் சுந்தரபாண்டியன் சாரலுக்குக் குளிக்க வந்தவன், குற்றாலம் கடைத்தெருவில் நான் சேற்றில் குப்புறக் கிடந்ததைக் கண்ணால் பார்த்ததாக உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறான் என்று கேள்வி. அவன் சொன்னது அரைகுறை. முழுவதையும் நானே எழுதிவிடுகிறேன்.

முதலில் கல்யாண விஷயம். தை மாதம் உங்கள் மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வாசலில் வந்து இறங்கியபோது வேட்டுப் போட்டார்கள். நான் பாய்ந்து போய் மாப்பிள்ளையைப் புழுதியில் தள்ளி, அவர் மேல் படுத்துக்கொண்டு, தலையைத் தூக்காதே என்று கத்தினேன். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் என் தலையைக் காப்பாற்றிக்கொள்ள ஓடவில்லை என்பதை அன்றைக்கு ஒருவரும் யோசிக்கவில்லை. உங்கள் வீட்டு மருமகனைக் காப்பாற்றினேன். வேட்டுக்குப் பதில் நிஜக்குண்டு விழுந்திருந்தால் சம்பந்தி வீட்டார் எனக்குக் கோடி வேட்டி எடுத்திருப்பார்கள். குண்டு விழாமல் போனது என் குற்றமல்ல. மாப்பிள்ளையின் பட்டுச் சட்டை கிழிந்ததும், பெண் வீட்டில் பைத்தியம் உண்டா என்று அவர்கள் கேட்டதும் அவமானம்தான். அந்தச் சமயத்தில் நீங்கள் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் மட்டம் பார்க்கப் போயிருந்ததால் நேரில் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் பக்க நியாயம் தெரிந்திருக்கும். திரும்பி வந்து, நனைந்த வேட்டியோடு பந்தலில் நின்று நீங்கள் பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது. "பாஸ்ராவுல பீரங்கி வெடிக்க வெடிக்க நாங்க சோறு தின்னோம்லே. ஒருத்தன் கை நடுங்கல. நீங்கள்லாம் ரேசன் அரிசிப் பட்டாளம். தீந்துட்டுன்னு ஒரு டாக்டர் வாயால சொல்லட்டும், தங்கச்சிய அனுப்புதேன்" என்றீர்கள். அவளும் மறுத்துப் பேசவில்லை, உள்ளே போய்விட்டாள்.

நான் அவளுக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. சத்தம் மட்டும் கூடாது என்றேன். உலக்கை போடக்கூடாது, அம்மி இழுக்கக்கூடாது, பாத்திரங்களைத் துணி சுற்றி வைக்க வேண்டும், கதவைத் தூக்கிச் சாத்த வேண்டும். சேவலை விற்றோம். நெல் குத்த அவள் மூன்று தெரு தள்ளிப் போய்வந்தாள். குழம்புச் சட்டி மூடியைப் பச்சைப்பிள்ளையை இறக்குவது போல இறக்கி வைப்பாள். இப்படி அமைதியான வீடு தென்காசியில் வேறு கிடையாது.

இந்த நிலைமையில்தான் ஆனி மாதம் டாக்டரம்மா சுகிர்தம் வந்து சேர்ந்தார். பாளையங்கோட்டைக்காரர், பட்டாள ஆஸ்பத்திரியில் காப்டன், முப்பது வயதுகூட இருக்காது. சண்டையிலிருந்து திரும்பியவர்களின் நடுக்கம், தூக்கமின்மை, திடீர்க் கூச்சல் இவற்றை ஆராய்ச்சி செய்ய அனுமதி வாங்கிவந்திருந்தார். மச்சான், ஆள் சேர்க்கும்போது கோவில் வாசலில் பேண்டு வாசித்து, மாலை போட்டு, நாடா வைத்து எங்கள் மார்பை அளந்தார்கள். திருப்பி அனுப்பும்போது ஒருவனும் எதையும் அளக்கவில்லை. ஒரு கம்பளியும் ரயில் பாஸும் கொடுத்து, போய் வா என்றார்கள். ஆகவே மறுபடி நம்மை அளக்க ஒருவர் வருகிறார் என்றதுமே எங்களுக்கு அது பெரிய மரியாதையாகப் பட்டது. செங்கோட்டை, கடையநல்லூர், வீரகேரளம்புதூர்ப் பக்கமெல்லாம் இருந்து இருபத்துநாலு பேர் போய்ச் சேர்ந்தோம். மூன்று வேளை சாப்பாடு என்பதும் ஒரு காரணம், அதை மறைப்பானேன்.

குற்றாலத்தில் ஒரு பங்களாவில் எங்களை வைத்துக்கொண்டு டாக்டரம்மா திட்டத்தை விளக்கினார். எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே மாதிரிக் கட்டில். ஆனால் பாதிப் பேர் தினமும் அருவியில் குளிக்க வேண்டும். மீதிப் பாதி சாரல் முடிகிறவரை அருவிப் பக்கமே போகக்கூடாது, கிணற்றுத் தண்ணீர்தான். முடிவில் யாருக்கு நடுக்கம் குறைந்திருக்கிறது என்று பார்ப்பார். அருவிக்காரர்களுக்குக் குறைந்திருந்தால், நடுங்குகிற பட்டாளத்துக்காரர் எல்லோருக்கும் அருவிக்கரையில் சர்க்கார் செலவில் ஒரு விடுதி கட்டச் சொல்லி மேலே எழுதுவார். ஒரு தொப்பியில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார். எனக்கு அருவி விழுந்தது. உங்களையும் சொக்கம்மாளையும் நினைத்துக்கொண்டேன்.

படித்த பெண்ணுக்கு ஒரு விஷயம் தெரியவில்லை. நம் ஊரில் ஆட்களை இரண்டாகப் பிரித்து, நீ தண்ணீரில் இறங்கலாம், நீ இறங்கக்கூடாது என்று சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. சீட்டு வாசித்து முடித்ததும் இருபத்துநாலு பேரும் அருவியையோ டாக்டரையோ பார்க்கவில்லை, ஒருவன் மூஞ்சியை ஒருவன் பார்த்தோம். இவன் எந்தத் தெரு, அவன் எந்தத் தெரு, இவன் அங்கன, நான் எப்படி இங்கன என்று ஒவ்வொருவனும் மனசுக்குள் கணக்குப் போட்டான். கணக்குச் சரியாக வரவில்லை, எல்லாச் சாதியும் இரண்டு பக்கமும் கலந்து கிடந்தது. அது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. சீட்டு என்பது சும்மா பேச்சு, உள்ளே ஏதோ சங்கதி இருக்கிறது என்று முடிவு கட்டினோம். சீட்டு என்றால் சீட்டுதான் என்று டாக்டரம்மா தொப்பியைக் கவிழ்த்துக் காட்டினார். ஒருவரும் நம்பவில்லை.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஒரே வாரத்தில் எங்களுக்குள் இரண்டு புதுச்சாதி முளைத்துவிட்டது. நனைந்தவர்கள், காய்ந்தவர்கள். நனைந்தவர்கள் ஈரத் துண்டைக் கொடியில் உயரத்தில் போட்டார்கள், காய்ந்தவர்களுக்குத் தாழ்வான கொடி. ஈர உடம்போடு வருகிறவர்களுக்கு முதலில் சூடாகப் போட வேண்டும் என்று முதல் பந்தி எங்களுக்கு ஆயிற்று. எங்களில் ஒருவன், காய்ந்தவன் தொட்ட எண்ணெயைத் தேய்த்தால் பலன் குறையுமாம் என்று சொன்னான். யார் சொன்னது என்று கேட்டால் தெரியாது. நானும் அந்த எண்ணெயைக் கொஞ்சம் தள்ளியே வைத்துக்கொண்டேன். ஆயிரம் வருஷம் ஆயிற்று என்கிறார்களே, அந்தச் சமாசாரத்துக்கு ஒரு வாரமும் ஒரு தொப்பியும் போதும் என்று கண்டுகொண்டேன். கடைத்தெருவிலோ இன்னும் மோசம். சாரல் நேரத்தில் குற்றாலத்தில் தலை காய்ந்து நடப்பவனை யார் சும்மா விடுவான்? குஷ்டமா, தீட்டா, எந்த ஊர், எந்த ஆட்கள் என்று வழி நெடுகக் கேள்வி. காய்ந்தவர்களில் குற்றாலிங்கம் என்று ஒருவன். பிள்ளை வரம் கேட்டு அருவியில் முழுகிப் பெற்றவனுக்கு அவன் தாயார் வைத்த பெயர். அவன்தான் முதலில் அழுதவன். "எம் பேரக் கேட்டுட்டுச் சிரிக்கானுவ அண்ணாச்சி. சண்டையில செத்திருந்தா மருவாதியாப் போயிருக்கும்" என்றான்.

என் பழைய செக்ஷன் ஆள் மந்திரமூர்த்தியும் காய்ந்த கட்சி. நான் தலை துவட்டிக்கொண்டு வரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஒருநாள் ஏனென்று கேட்டேன். "அந்த மலைய நெனச்சேன்" என்றான், அவ்வளவுதான். பர்மாவில், அரக்கானில் ஒரு மலையுச்சியில் எதிரிகள் எங்களைச் சுற்றி வளைத்திருந்தபோது ஆறு பேருக்கு ஒரே தண்ணீர்ப் புட்டி. ஆளுக்கு ஒரு வாய், புட்டி கை மாறும், எந்தச் சாதி வாய் வைத்தது என்று ஒருவன் துடைக்கவில்லை. ஒருவன் குடிக்க ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தது ஒருதரம்கூடக் கிடையாது. அதை நினைத்துவிட்டால் ஈரத்துண்டு கழுத்தில் கனக்கிறது. அன்றைக்கே எல்லோரையும் கூட்டி, நாயக் என்ற முறையில் முறை போட்டேன். இன்றைக்கு இந்தப் பன்னிரண்டு, நாளைக்கு அந்தப் பன்னிரண்டு. எனக்கு விழுந்த குளியலில் பாதியை மந்திரமூர்த்திக்குக் கொடுத்தேன். இதைப் படித்ததும் உங்களுக்குக் கோபம் வரும். பெண்டாட்டியைத் திரும்பப் பெற வேண்டியவன் பாதி மருந்தைத் தானம் செய்தானா என்பீர்கள். செய்தேன். வாசலில் இருந்த ஆர்டர்லி போகிறவர்களை எண்ணுவான், நனைந்து வருகிறவர்களை எண்ணுவான். பன்னிரண்டு போயிற்று, பன்னிரண்டு வந்தது. எந்தப் பன்னிரண்டு என்று பட்டாளத்தில் யாரும் கேட்பதில்லை.

டாக்டரம்மாவுக்கு இது தெரியாது. வெள்ளிக்கிழமை தோறும் சோதனை. விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பின்னால் சமையல்காரர் ஆதம் வெண்கலத் தாம்பாளத்தைக் கீழே போடுவார். எவ்வளவு தண்ணீர் சிந்துகிறது என்று டாக்டரம்மா அளப்பார். முதல் வெள்ளிக்கிழமை டம்ளரே மிஞ்சவில்லை, ஆர்டர்லி ஜன்னல் வழியாகக் குதித்துவிட்டான், அவனும் அரக்கான் போனவன்தான். ஆதம் பாயும் பட்டாளத்தில் சமைத்தவர். எங்கள் கோலத்தைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து தாம்பாளத்தை விடுவதற்கு முன் லேசாக இருமினார். இருமல் கேட்டதும் நாங்கள் பல்லைக் கடித்துக்கொள்வோம். தண்ணீர் சிந்துவது வாரா வாரம் குறைந்தது. டாக்டரம்மா முகம் மலர்ந்தது. ஆதம் பாயின் சளிக்கு மருந்தும் கொடுத்தார்.

ஆடி கழிந்ததும் எங்களை உட்காரவைத்து முடிவைச் சொன்னார். எல்லோருக்கும் நடுக்கம் குறைந்திருக்கிறது, ஆனால் நனைந்தவருக்கும் காய்ந்தவருக்கும் வித்தியாசமே இல்லை. ஆகவே அருவியால் பலன் உண்டென்று எழுத வழியில்லை. சென்னையிலிருக்கிற மேலதிகாரிக்குத் தகவல் அனுப்பியாயிற்று, அவர் சந்தோஷமாகத் தந்தி கொடுத்திருக்கிறார், விடுதி வேண்டாம் என்று. செலவு மிச்சமானால் சர்க்காருக்கு எந்த ஆராய்ச்சியும் நல்ல ஆராய்ச்சிதான். இதைச் சொல்லிக்கொண்டே அந்தப் பெண் தந்தியை மடித்து மடித்துச் சின்னதாக்கினார். குற்றாலிங்கத்துக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அம்மா, நாங்க பங்கு வச்சுல்லா குளிச்சோம்" என்றான்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், எங்களைப் பார்த்தார், மறுபடி கழற்றித் துடைத்தார். "ஏன்?" என்று மட்டும் கேட்டார்.

மந்திரமூர்த்திதான் எழுந்து பதில் சொன்னான். "ஒருத்தன் நனைய இன்னொருத்தன் பாத்துக்கிட்டு நிக்க எங்களால ஏலாதும்மா. அந்த வித்தைய நீங்க ஊருக்குள்ள இருக்கவங்களக் கொண்டு செஞ்சு பாருங்க, அவங்களுக்கு நல்லாப் பழக்கம்."

விடுதி போனது எங்களால்தான். ஒரு மாகாணத்துப் பட்டாளத்துக்கே கிடைத்திருக்க வேண்டியதை இருபத்துநாலு பேர் பங்கு வைத்துத் தீர்த்துவிட்டோம். டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அடுத்த சாரலுக்கு முதலிலிருந்து மறுபடி செய்கிறேன், அனுமதி கிடைத்தால், என்றார். கிடைக்காது என்பது அவர் முகத்திலேயே இருந்தது.

இனி அந்தச் சேறு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் கடைத்தெரு வழியாகத் தென்காசி பஸ்ஸுக்கு நடந்தோம், டாக்டரம்மா முன்னால். ஒரு ஜமீன் வீட்டுக் கார், குளிக்க வந்த காரில் ஒன்று, அல்வாக் கடை எதிரே டயர் வெடித்தது. யாரும் இருமவில்லை. மற்றவர்கள் விழுந்தார்கள், நனைந்தவர் காய்ந்தவர் வித்தியாசமில்லாமல் சேற்றில் விழுந்தார்கள். நான் விழவில்லை. செருப்பு வார் அறுந்ததால் குனிந்தேன். குனிந்தவன் கொஞ்சம் அதிகமாகக் குனிந்துவிட்டேன். குற்றாலிங்கம் எனக்கு அடியில் இருந்தது தற்செயல். ஜமீன் வீட்டுப் பிள்ளைகள் காரில் இருந்து கைதட்டிச் சிரித்தார்கள். அந்தச் சமயத்தில்தான் உங்கள் சுந்தரபாண்டியன் அல்வாப் பொட்டலத்தோடு நின்றான். அவனும் சிரித்தான், அதையும் உங்களிடம் சொன்னானா என்று கேட்கவும்.

டாக்டரம்மா சேற்றிலேயே உட்கார்ந்து ஒவ்வொருவன் கையாகப் பிடித்துப் பார்த்தார். நான் சமயம் பார்த்து, எனக்குத் தீர்ந்துவிட்டது என்று என் மைத்துனரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். "தீருமா தீராதான்னு எனக்குத் தெரியாது நாயக். எவருக்கும் தெரியாது. அதுக்குத்தான் இத்தனை பாடு" என்றார். முந்தின சண்டைக்குப் போனவர்களைப் பார்த்தால்தான் இருபது இருபத்தைந்து வருஷம் கழித்து இது என்ன ஆகிறது என்று தெரியுமாம். அவர்களை எவ்வளவோ தேடினாராம். போன இடமெல்லாம் பெரியவர்கள் மீசையைத் தடவிக்கொண்டு, நாங்கள் நடுங்கினதே இல்லை என்று அனுப்பிவிட்டார்களாம். உங்களைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன், பாஸ்ரா வீரர், ஒரு நாளும் கை நடுங்காதவர் என்று. அவர் பெருமூச்சு விட்டார்.

ஆகவே மைத்துனரே, தீரவில்லை என்று டாக்டர் வாயால் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தீரவில்லை என்று சொல்லாதது தீர்ந்தது என்பதற்கு அடுத்த வீடுதான். இப்போது நான் சுகமாகத் தூங்குகிறேன், கை கல்லைப் போல நிற்கிறது, இந்தக் கையெழுத்தே சாட்சி. வருகிற வெள்ளிக்கிழமை நல்ல நாள், அவளை அனுப்பி வைக்கவும். பெரியவர்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டதாகவும், சின்னவர்கள் தலையைத் தொட்டு வாழ்த்தியதாகவும், மாப்பிள்ளையைத் தூர நின்று விசாரித்ததாகவும் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையை இன்றும் தன் மனைவி என்று நினைத்துக்கொண்டிருக்கும்
இசக்கிப்பாண்டி.

பி.கு.: மேலே எழுதியதைத் தள்ளிவிடவும். சொக்கம்மாள் வந்துவிட்டாள். சந்தைக்குப் போவதாக உங்களிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாளாம். வந்தவள் என்னோடு பேசாமல் அடுக்களைக்குள் போய், பாத்திரங்களில் சுற்றியிருந்த துணிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கொடியில் போட்டாள். நான் கையெழுத்துப் போட்டு முடித்தபோது முதுகுக்குப் பின்னால் பித்தளைக் குடம் விழுந்தது. ஆதம் பாய் இருமுவார். சொக்கம்மாள் இருமவில்லை. ஆகவே நடுக்கம் தீர்ந்த விஷயத்தையும் தள்ளிவிடவும். இதைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எழுதுகிறேன், எழுத்துக் கோணலுக்கு அதுதான் காரணம்.

அவள் குனிந்து பார்த்தாள், பயப்படவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "நீங்க நடுங்குறதுக்கு நான் போகல. மூச்சுவிட பயந்து ஒரு வீட்ல இருக்க முடியாம போனேன். நீங்க நடுங்குங்க, நான் அம்மி அரைக்கேன். எங்க அண்ணன் கூடத்தான் கோயில் கொடைக்கு வேட்டுப் போட்டா தோட்டத்துக் கிணத்துல எறங்கி நிப்பாவ. வேட்டு ஓயுத மட்டும் வரமாட்டாவ. கேட்டா தண்ணி மட்டம் பாத்தேன்பாவ. சின்னப் பிள்ளையிலேருந்து நாந்தான் தொவட்டத் தோர்த்து எடுத்துக்கிட்டுப் போய் நிப்பேன். நீங்க இப்ப எந்திரிக்கியளா, இல்ல சோத்த இங்கனயே தள்ளட்டா?"

டாக்டரம்மா ஊர் ஊராகத் தேடிய பதில் வீரகேரளம்புதூர்க் கிணற்றில் நின்றிருக்கிறது. இருபத்தெட்டு வருஷம், மச்சான். நான் அவருக்கு எழுதப் போவதில்லை, அது உங்கள் இஷ்டம். ஆனால் அடுத்த கொடைக்கு அந்தக் கிணற்றில் இறங்க வேண்டாம், படி வழுக்கும், உங்களுக்கும் வயதாயிற்று. வேட்டுக்கு முந்தின நாளே இங்கே வந்துவிடவும். கட்டில் அகலமானது, அடியில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.